இடது குதிகால்

காகிதத்தில் ஒரு மனித உருவம்.
முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று,
முகம் கிடையாது.
"எங்கே வலி?" என்றார் ஹைருல்.
வலது தோளைக் காட்டினேன்.
சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.
பிறகு ஆறு வாரம்
அந்த வட்டத்துக்குள் குடியிருந்தேன்.

குறை சொல்லவில்லை.
நல்ல பையன், கை கழுவாமல் தொடமாட்டார்.
சூட்டுப் பை, சுவரில் விரல்களை ஏணி ஏற்றுவது,
பச்சை ரப்பர் பட்டையைப் பத்து முறை இழுப்பது.
பத்துக்கு எத்தனை வலி என்பார்,
ஏழு என்பேன்.
பிளாஸ்டிக் கோணமானியைக் கக்கத்தில் வைத்து
தொண்ணூற்றைந்து பாகை என்று எழுதுவார்.
தலை பின்ன எட்டாத,
உள்பாடிக் கொக்கியை முன்னால் மாட்டிப்
பின்னால் திருப்பிக்கொள்கிற
தொண்ணூற்றைந்து.

எனக்குக் கணக்கு புதிதில்லை.
பகாவுக்கு வெளியே செம்பனை ஆலையில்
பத்தொன்பது வருஷமாய் எடைமேடைக் கிராணி.
சரிவு மேடையில் நிற்கும் லாசரஸ்
குலை குலையாய்ப் புரட்டிப் பார்ப்பார்:
இது காய், இது அழுகல், இதில் காம்பு நீளம்.
அது அவர் வேலை, அதுவும் வேண்டும்.
என்னிடம் லோரி முழுசாய் வரும்.
டயரில் அப்பிய செம்மண், டீசல், டிரைவர்,
அவன் மடியிலிருக்கும் நாசி லெமாக் பொட்டலம்,
தார்ப்பாயில் தேங்கிய நேற்றைய மழை,
எல்லாம் ஏறி நிற்கும்.
பழத்தை மட்டும் நிறுக்க
என்னிடம் மேடை இல்லை.

கைப்பேசிக் கடை மாடியில் ஜெசிந்தா சூசை.
சிரம்பானில் பன்னிரண்டு வருஷம் தாதியாக இருந்தவர்.
"தோளு..." என்று ஆரம்பித்தேன்.
"படியேறும்போதே பாத்தேன்" என்றவர்
போய் உட்கார்ந்தது என் காலடியில்.
இடது குதிகாலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்,
சூடான கோப்பைபோல.

அறுபது வெள்ளி.
தோளுக்குத்தானே கொடுக்கிறேன் என்று
மனசுக்குள் மீட்டர் ஓடியது.
கெண்டைக்கால், தொடை, இடுப்பு.
அரைமணி நேரம் ஆகியும்
தோள் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.
நானே மறந்திருந்தேன்,
உயர ஸ்டூலில் இடதுகாலை மடக்கிப்போட்டு
இடுப்பை ஒடித்து, வலதுகையை ஜன்னலுக்கு வெளியே
நீட்டி நீட்டிச் சீட்டு வாங்குகிறவள் நான்.
கால் மறந்ததைக் கை சுமந்திருக்கிறது.

கடைசியில் விலா எலும்புக்குக் கீழே
அவர் உள்ளங்கை வந்து நின்றது.
அழுத்தவில்லை. சும்மா நின்றது.
"மூச்ச எங்க வெச்சிட்டு வந்தீங்க?"

லோரி ஏறியதும் திரையில் எண் ஆடும்.
இருபத்து நான்காயிரத்து முந்நூற்று எண்பது,
நானூற்றுப் பத்து, மறுபடி எண்பது.
அது நிற்கும்வரை மூச்சு விடமாட்டேன்.
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
நாளைக்கு நூற்றிருபது லோரி.

சொல்ல வாயெடுத்தேன்.
வயிறு கடமுடவென்று உருண்டது,
பஜார் சத்தத்தையும் மீறி.
வெட்கத்தில் காது சுட்டது.
"நல்லது" என்றார், சிரிக்காமல்.
புறப்படும்போது:
"சுகர் பாக்கச் சொன்னாங்கல்ல, பாத்துடுங்க.
ரப்பர் பட்டையையும் விட்டுறாதீங்க.
அது எனக்குத் தெரியாத வேல."

அடுத்த புதன்
ஹைருலின் கோணமானி நூற்றெட்டு காட்டியது.
"பட்டை வேலை செய்யுது!"
ஆமாம் என்றேன், பொய்யில்லை.
எதெது எத்தனை பாகை தந்தது என்று
தனித்தனியே நிறுக்க எனக்குத் தெரியாது.

கொக்கி இன்னும் முன்னால்தான் மாட்டுகிறேன்.
எண் ஆடும்போது மூச்சு விட்டுப் பார்க்கிறேன்,
பாதி நாள் மறந்துவிடுகிறது.

அவர் கை கழுவப் போன நேரத்தில்
சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
முகமில்லாத அந்த உருவத்துக்கு
இடது குதிகாலில் ஒரு புள்ளி வைத்தேன்.
விலாவுக்குக் கீழே இன்னொன்று.
குழாய்ச் சத்தம் நின்றது.
பேனாவை மூடி
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.